இரண்டு வெற்றிலை

கணவாய்க்குப் போகிற பாதை மலையேறத் தொடங்கும் இடத்தில் உலகம்மையின் மருந்து வீடு இருந்தது. சாதாரணக் கூரை வீடுதான். ஆனால் மலையைத் தாண்டித் தலைச்சுமை தூக்கும் ஆட்கள் எல்லோருக்கும் அந்தக் கூரையைத் தெரியும். கருப்பட்டியும் கருவாடும் சுமந்து போய், மிளகும் பாக்கும் சுமந்து வருகிறவர்கள் அவர்கள். போகும்போது சுளுக்கோடு வந்து நிற்பார்கள், திரும்பும்போது காய்ச்சலோடு வந்து படுப்பார்கள்.

உலகம்மைக்கு ஒரு சீடர் இருந்தார். பெயர் ஆவுடையப்பன். சீடர் என்றதும் மீசை முளைக்காத பையன் ஒருவனை நினைத்துக்கொள்ள வேண்டாம். குருவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கல்யாண வீடுகளில் சமைக்கும் தவசிப்பிள்ளையாக ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, தலை நரைத்த பிறகு வந்து சேர்ந்தவர்.

வயிற்றுவலிக்கு மருந்து வாங்கத்தான் வந்தார். வந்த இடத்தில், மருந்தைத் தீயில் வேகவைத்துப் புடம் போட அடுக்கியிருந்த வறட்டியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

"இப்படி அடுக்குனா அடியில தீ நிக்காதே அம்மா."

சொன்னதோடு நிற்காமல், எல்லாவற்றையும் பிரித்துத் தானே அடுக்கிக் கொடுத்தார். வயிற்றுவலி போன பிறகும் அவர் போகவில்லை. உலகம்மையும் போகச் சொல்லவில்லை.

தீ அவர் சொன்னபடி கேட்கும். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. அவருடைய குறை வேறு. பந்தியில் நின்று பழகிய மனிதர். யாராவது இலையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும், அவர் கை தானாகக் கரண்டியை எடுத்துவிடும். போதும் போதும் என்று இலையை மறைத்தவர்களின் விரலிடுக்கில் பாயசம் ஊற்றியவர் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அதை யாராவது எடுத்துச் சொன்னால் அவருக்குப் பெருமை தாங்காது.

ஐப்பசி மழை தொடங்கும் முன்பு சொரிமுத்து வந்தான். வந்தான் என்ன, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுமைகாரர்களில் அவனைப் போல மலையேறுகிற ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்டவனை மலைக்காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் தூக்கித் தூக்கிப் போட்டது. எந்தக் கஷாயத்துக்கும் அது மசியவில்லை. கண் உள்ளே போய், விலா எலும்பு வெளியே வந்துவிட்டது.

கூடவே வந்த மனைவி வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

"இவரு மலை ஏறலேன்னா எங்க அடுப்புல உலை ஏறாதும்மா. எப்படியாவது காப்பாத்துங்க."

உலகம்மை நாடி பார்த்தார். கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு ஆவுடையப்பன் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, மேல இருக்கிற சிமிழை எடுங்க."

ஆவுடையப்பன் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அது பாஷாணச் சிமிழ். எலிக்கு வைத்தால் எலி சாகும், மனிதனுக்கு வைத்தால் மனிதன் சாவான். அப்படிப்பட்ட வெள்ளைப் பாஷாணத்தைப் பழச்சாற்றில் ஊறப்போட்டு, நாள்கணக்கில் அரைத்து, ஓட்டில் மூடி, அவரே தம் கையால் புடம் போட்டு எடுத்த மருந்து அதற்குள் இருந்தது.

"இதையா அம்மா? இவன் இருக்கிற இருப்புக்கு இதைத் தாங்குவானா?"

"இது இல்லேன்னா தாங்க மாட்டான்."

பாஷாண மருந்து கொடுப்பதற்கு அந்த வீட்டில் ஒரு முறை இருந்தது. உலகம்மையின் அப்பா காலத்திலிருந்து வருவது. மருந்தைத் தேனில் குழைத்து, ஒரே அளவாக இரண்டு வெற்றிலையில் வைக்க வேண்டும். நோயாளி தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொள்வார். மீதியுள்ளதைக் கொடுப்பவர் சாப்பிட வேண்டும். மருந்து நிறுத்துகிற வரைக்கும் தினமும் இப்படித்தான். ஆகையால் ஒரே சமயத்தில் இரண்டு பேருக்குப் பாஷாணம் கொடுக்கிற பழக்கமே அங்கே இல்லை.

நோயாளிக்கு நம்பிக்கை வரட்டும் என்றுதான் இப்படி ஒரு ஏற்பாடு என்று ஆவுடையப்பன் நினைத்துக்கொண்டார். கல்யாண வீட்டில் தவசிப்பிள்ளை முதலில் சாம்பாரைக் கையில் விட்டு நக்கிக் காட்டுவதில்லையா, அந்த மாதிரி.

சொரிமுத்து ஒரு இலையை எடுத்தான். மற்றதை உலகம்மை வாயில் போட்டு மென்றார். முகம் கோணிப்போயிற்று.

மருந்து நடந்த நாளெல்லாம் உலகம்மைக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். ஆவுடையப்பன் பதறிப்போய்க் கஞ்சி வைத்துக் கொடுப்பார், ரசம் வைத்துக் கொடுப்பார். அதில் பாதி தட்டிலேயே கிடக்கும். ஆனால் உலகம்மை பொழுது விடிவதற்கு முன்பே எழுந்து, சொரிமுத்து படுத்திருக்கும் கொட்டகைக்குப் போய்விடுவார். அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

ஒருநாள் காலையில், காய்ச்சல் வரவேண்டிய நாள் வந்தும் காய்ச்சல் வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. சொரிமுத்து எழுந்து உட்கார்ந்து, சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும் கேட்டான். ஆவுடையப்பன் ஆனந்தமாக அடுப்பைப் பற்றவைத்தார்.

உலகம்மை சிமிழை எடுத்து மேலே வைத்தார்.

"நாளையிலேர்ந்து மருந்து வேண்டாம்."

சொரிமுத்துவுக்கு முகம் விழுந்துவிட்டது.

"அம்மா, இப்பத்தான் உடம்பு கொஞ்சம் உடம்பா இருக்கு. இன்னும் கொஞ்ச நாளைக்குக் குடுங்களேன்."

"வேண்டாம் தம்பி. நல்லாச் சாப்பிடுங்க, நல்லாத் தூங்குங்க. பொறவு மலைக்குப் போவலாம்."

அவன் போன பிறகு ஆவுடையப்பன் மெதுவாகச் சொன்னார்.

"சிமிழ்ல இன்னும் நெறைய இருக்கேம்மா."

"இருக்கட்டும்."

அதோடு பேச்சு முடிந்தது. ஆவுடையப்பனுக்குத்தான் மனசு ஆறவில்லை. பாதிச் சாப்பாட்டில் ஒருவனைக் கையைப் பிடித்து எழுப்பிவிட்டது போல இருந்தது அவருக்கு.

மார்கழியில் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆள் வந்தது. ஒரு ஊரே அம்மை கண்டு படுத்துக் கிடக்கிறதாம். உலகம்மை மருந்துப் பையைக் கட்டினார்.

"நான் வர எத்தனை மாசம் ஆகும்னு தெரியல. வீடு உங்க பொறுப்பு அண்ணாச்சி."

"எல்லாமா அம்மா?"

"எல்லாந்தான்."

ஆவுடையப்பன் மேலே இருந்த சிமிழைப் பார்த்தார்.

"அதுவுமா?"

"அதுவுந்தான். குடுக்க வேண்டி வந்தா முறைப்படி குடுங்க."

அன்று முழுக்க ஆவுடையப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை நாள் அவர் அரைக்கிறவர், எரிக்கிறவர், சலிக்கிறவர். இன்றைக்குத்தான் கொடுக்கிறவர்.

பொங்கல் கழிந்ததும் சொரிமுத்து வந்து நின்றான். சுமையை இறக்கிவைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"என்ன தம்பி, காய்ச்சல் திரும்பிட்டா?"

"அதெல்லாம் இல்ல அண்ணாச்சி. ஆனா பாதி மலையிலேயே மூச்சு முட்டுது. அந்த மருந்து தின்னப்ப உடம்பு பஞ்சா இருந்துச்சு. ஒரே ஒரு இலை குடுங்களேன்."

ஆவுடையப்பன் யோசித்தார். யோசித்தார் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அதற்குள் அவர் கை சிமிழைத் திறந்துவிட்டது.

முறையில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. அம்மா வைத்த அதே அளவு, அதே தேன், அப்போது பறித்த வெற்றிலை. சொரிமுத்து ஒன்றை எடுத்தான். அவர் மற்றதைத் தின்றார்.

அடுத்த முறை மலையேறுவதற்கு முன்பும் அவன் வந்தான். அதற்கடுத்த முறையும் வந்தான். சுமை இல்லாத நாளிலும் வந்தான். வருகிறவனுக்கு இல்லையென்று சொல்ல ஆவுடையப்பனுக்கு வாய் வராது என்பதுதான் தெரியுமே.

பார்க்கப் பார்க்கச் சொரிமுத்துவின் கன்னத்தில் சதை போட்டது. முன்பு தூக்கியதைவிடப் பெரிய சுமை தூக்கினான். கூட வருகிறவர்கள் பாதி மலையில் உட்கார்ந்து இளைக்கும்போது இவன் உச்சியில் நின்று சீட்டியடித்தான். அவன் மனைவி ஒரு குலை வாழைப்பழத்தோடு வந்து ஆவுடையப்பனைக் கும்பிட்டாள்.

"அம்மா உசிரைத்தான் குடுத்தாங்க. உடம்பைக் குடுத்தது நீங்கதான் அண்ணாச்சி."

ஆவுடையப்பனுக்கும் நன்றாகத்தான் இருந்தது. மறந்துபோன பசி திரும்பி வந்தது. முழங்கால் வலி எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. குளத்துத் தண்ணீரில் முகம் பார்த்தால் ஒரு பளபளப்பு. இந்த அமிர்தத்தையா அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றார் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. காலையில் எழுந்ததும், இன்றைக்குச் சொரிமுத்து வருவானா என்று பாதையைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஆனிச் சாரல் விழுந்தபோது உலகம்மை திரும்பி வந்தார். இளைத்து, கறுத்து, ஆளே பாதியாகியிருந்தார். வாசலில் நின்று ஆவுடையப்பனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"முகம் நல்லா இருக்கே அண்ணாச்சி."

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் அம்மா."

உலகம்மை சிரிக்கவில்லை. ஆவுடையப்பன் அதைக் கவனிக்கவும் இல்லை. நனைந்து வந்தவருக்குச் சுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டுமே என்று உள்ளே ஓடினார். அடுப்பில் தளபுளவென்று கொதித்த ஏனத்தைத் துணி கூடப் பிடிக்காமல் தூக்கிக்கொண்டு வந்தார்.

உலகம்மை ஏனத்தைப் பார்த்தார். ஆவுடையப்பனின் கையைப் பார்த்தார்.

"சுடலையா?"

"தவசிப்பிள்ளை கைக்குச் சூடு ஏதும்மா!" ஆவுடையப்பன் பெருமையாகச் சிரித்தார்.

"கீழ வைங்க. இங்கன வந்து உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"கண்ணை மூடிக்கிட்டுக் கையை நீட்டுங்க."

அம்மா மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ வாங்கி வந்திருக்கிறார் போலும் என்று ஆவுடையப்பன் ஆசையோடு நீட்டினார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"கையில என்ன இருக்கு அண்ணாச்சி?"

"நீங்க இன்னும் ஒண்ணும் வைக்கலையே அம்மா."

"கண்ணைத் தொறங்க."

உள்ளங்கை நடுவில் மிளகு கிடந்தது. ஒன்றிரண்டு இல்லை, ஒரு சிட்டிகை.

ஆவுடையப்பன் விரலை மடக்கினார். விரல் மடங்கியது தெரிந்தது, மிளகு தெரியவில்லை. உலகம்மை அந்தக் கையை இழுத்து வெளிச்சத்தில் காட்டினார். தோல் தடித்துப்போய், கம்பு மணியைத் தூவியது போலச் சின்னச் சின்ன முண்டு எழும்பியிருந்தது. கரண்டி பிடித்த காய்ப்பு என்றுதான் அவர் அதை இத்தனை நாள் நினைத்திருந்தார்.

"யாருக்குக் குடுத்தீங்க?"

"சொரிமுத்துக்கு."

"என்னத்துக்கு?"

"கேட்டான்."

உலகம்மை கண்ணை மூடித் திறந்தார். திட்டியிருந்தால் ஆவுடையப்பனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இப்ப எங்க இருக்கான்?"

"மலையில. இன்னைக்கு இறங்கிருவான்."

இரண்டு பேரும் பாதையோரம் போய் நின்றார்கள். சாரலில் நனைந்தபடி மிளகு மூட்டையோடு சொரிமுத்து இறங்கி வந்தான். உலகம்மையைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா வந்தாச்சா! பாத்தீங்களா எப்படி இருக்கேன்னு? உச்சியில ஒரே மழைம்மா, பாதையே தெரியல. கூட வந்த பயலுக எல்லாம் சத்திரத்துலயே படுத்துட்டானுவ..."

"அந்தக் கல்லுல உக்காந்து காலைத் தூக்குங்க தம்பி."

அவன் பேச்சை நிறுத்தாமலே காலைத் தூக்கினான். பாதத்தில் ஒரு கருவேல முள் அடிவரை இறங்கி ஒடிந்திருந்தது. சுற்றிலும் வீங்கி, சீழ் கட்டியிருந்தது. குத்தி இரண்டு நாளாவது ஆகியிருக்க வேண்டும்.

"இது எப்ப குத்திச்சு?"

"எதும்மா?"

உலகம்மை குனிந்து, நகத்தால் பிடித்து முள்ளை இழுத்தார். இரத்தமும் சீழும் வழிந்தன. சொரிமுத்து மழையைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆவுடையப்பனுக்குத்தான் வலித்தது. அங்கே நிற்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மருந்து அன்றோடு நின்றது. மலையும் நின்றது. காலில் உணர்ச்சி திரும்புகிற வரைக்கும் சுமை தூக்கக்கூடாது என்று உலகம்மை சொன்னார்.

"திரும்பிருமாம்மா?" என்று அவன் மனைவி கேட்டாள்.

"திரும்பலாம்."

சொல்லிவிட்டு உலகம்மை முள் எடுத்த காலுக்குப் பச்சிலை வைத்துக் கட்டினார்.

சில உடம்புக்குப் பாஷாணம் முதலில் மினுக்குக் காட்டும். நிறுத்திய பிறகுதான் உடம்பு கணக்குக் கேட்டது. ஆவுடையப்பனுக்குக் குடல் வெளியே வருவது போல வாந்தி வந்தது, கைகால் நடுங்கியது, பளபளப்பெல்லாம் போய் முகம் சுண்டிவிட்டது. உலகம்மை பாலும் நெய்யும் மாற்றுக் கஷாயமும் கொடுத்து அவரைப் பார்த்துக்கொண்டார். சொரிமுத்து வீட்டுக்கும் தினமும் போய் வந்தார். ஆவுடையப்பன் எழுந்து நடமாடத் தொடங்கியபோது, ஏனத்தின் சூடு கையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் சொரிமுத்து கம்பை ஊன்றிக்கொண்டு வந்தான். கன்னம் மறுபடியும் ஒட்டிப்போயிருந்தது. அவன் மனைவி அவனுடைய சும்மாட்டைத் தலையில் வைத்து, அவனுடைய சுமையைத் தூக்கிக்கொண்டு மலையேறப் போயிருந்தாள்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு இலை. அதைத் தின்னா எந்திரிச்சு நின்னுருவேன். பொம்பளையை மலைக்கு அனுப்பிட்டுத் திங்கிறது ஒரு சோறா?"

உள்ளே உலகம்மை உரலில் மருந்து இடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நிற்கவில்லை. அவர் வெளியே வரவும் இல்லை.

ஆவுடையப்பன் வாசலில் நின்றார். இந்தத் தடவை உண்மையாகவே யோசித்தார். கை சிமிழுக்குப் பரபரத்தது. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

"இல்ல தம்பி."

"சிமிழ்ல இல்லையா?"

"இருக்கு. தர மாட்டேன்."

"அன்னைக்குக் கேக்கக் கேக்கக் குடுத்தீங்களே!"

"ஆமா. குடுத்தேன்."

சொரிமுத்து அவரை நாறடித்துவிட்டான். பேச்சு நடுவில் அழுதான், அழுகை நடுவில் ஏசினான். சமைக்கிறவன் கையில மருந்துச் சிமிழைக் குடுத்தது யாரு என்று தெருவே கேட்கக் கத்தினான். அவன் கம்பை ஊன்றி ஊன்றிப் பாதை வளைவில் மறைகிற வரைக்கும் ஆவுடையப்பன் அங்கேயே நின்றார். கேட்டு வந்த ஒருவனை அவர் வெறுங்கையோடு அனுப்பியது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. அவருக்கும் அழுகை வந்தது.

உள்ளே போய் உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"அதே சிமிழ். அதே அளவு. ஒரு நெல்லுமுனை கூடக் கூட்டல. ரெண்டு இலை வச்சு, ஒண்ணை நானும் தின்னேன். நீங்க எப்படிக் குடுத்தீங்களோ அப்படியேதான் குடுத்தேன். உங்க கையில இருந்தவரைக்கும் மருந்தா இருந்துச்சே, என் கையில வந்து எப்பம்மா அது விஷமாச்சு?"

"உங்க கைக்கு வரதுக்கு முன்னாலயே ஆயிட்டு. அந்தத் தம்பிக்குக் காய்ச்சல் விட்டுச்சு பாருங்க, அன்னைக்கு."

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார்.

"அப்படீன்னா நீங்க? உங்களுக்குத்தான் காய்ச்சலே இல்லையே. நீங்களும் தினமும் ஒரு இலை தின்னீங்களே அம்மா."

"எனக்கு அது முதல் நாளே விஷந்தான்."

"தெரிஞ்சேவா தின்னீங்க?"

உலகம்மை உலக்கையைச் சுவரில் சாய்த்துவைத்தார்.

"தெரிஞ்சதுனாலதான் அண்ணாச்சி, இன்னைக்காவது காய்ச்சல் விட்டுச்சா, இன்னைக்காவது விட்டுச்சான்னு விடியிறதுக்குள்ள ஓடிப் போய் அவன் நெத்தியைத் தொட்டுப் பாத்தேன்."